ரெக்கார்டு கடைக்கு மேலே ஒரு பத்திரிகை

லண்டன் பிரிக்ஸ்டன் ரோட்டில் 250ஆம் எண் கட்டடம். கீழே இசைத்தட்டு விற்கும் கடை, மேலே பத்திரிகை அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன இடம். 1958 மார்ச்சில் அங்கிருந்து 'வெஸ்ட் இண்டியன் கெசட்' என்ற மாதப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. பிரிட்டனில் குடியேறிய கரீபியன் மக்களுக்கான பத்திரிகை. தொடங்கி நடத்தியவர் கிளாடியா ஜோன்ஸ். அப்போது அவருக்கு 43 வயது. அமெரிக்கச் சிறையில் இருந்துவிட்டு, நாடு கடத்தப்பட்டு, லண்டனுக்கு வந்து இரண்டு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. இளம் வயதில் வந்த காசநோய் நுரையீரலைக் கெடுத்திருந்தது, இருதயமும் பலவீனம். அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய உடம்பை வைத்துக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்கினார்.

நான் பத்திரிகையில் எழுதியவள் அல்ல, பக்கம் கட்டியவள். தொண்ணூறுகளில் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு தமிழ் வார இதழில் பக்க வடிவமைப்பும் பிழைதிருத்தமும் என் வேலை. ஆகவே ஒரு பத்திரிகையைப் பற்றிப் படித்தால் என் மனம் முதலில் தலையங்கத்துக்குப் போகாது. அச்சகக்காரருக்குப் பணம் யார் கொடுத்தார், கட்டுகளை யார் சுமந்து போய் விற்றார், விளம்பரக் காசு கைக்கு வந்ததா என்றுதான் தேடும். கெசட் விஷயத்தில் இதற்கெல்லாம் பதில் ஒன்றுதான்: பணம் ஒருநாளும் போதவில்லை. நன்றாகப் போன காலத்தில் 15,000 பிரதிகள் வரை விற்றிருக்கிறது. ஆனாலும் கடன் தீரவில்லை, வேலை செய்தவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் இல்லை. அப்படியிருந்தும் கிளாடியா உயிரோடு இருந்தவரை பத்திரிகை நிற்கவில்லை.

அதில் செய்தி எழுதியவர்களில் ஒருவர் டொனால்ட் ஹைண்ட்ஸ். ஜமைக்காக்காரர். லண்டன் பஸ்ஸில் கண்டக்டராக வேலை செய்துகொண்டே கெசட்டுக்கு எழுதினார், பிரதிகளையும் விற்றார். இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. எங்கள் வார இதழும் அப்படிப்பட்ட ஆட்களால்தான் ஓடியது. பந்திங்கிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கோயில் செயலாளர், சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர். நிருபரும் அவர்தான், ஏஜண்டும் அவர்தான். பேருந்து நிலையத்துக்கு வந்து கட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கோயில் திருவிழா, லயத்து வீடு இடிப்பு, ஆறு மாதமாகத் தண்ணீர் வராத குழாய், எல்லாம் நீல மையில் முழுத்தாளில் எழுதி வரும். அந்தக் கையெழுத்துகளை வாசித்து வாசித்துத்தான் எனக்கு இந்த நாட்டின் பாதித் தோட்டங்கள் பழக்கமாயின.

கிளாடியாவை எனக்கு அறிமுகப்படுத்தியது என் மகள். பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்காக அவர் 1949இல் எழுதிய கட்டுரையை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் போட்டு வைத்திருந்தாள். "அம்மா, இதைப் படிச்சுப் பாருங்க. பாட்டி கதை மாதிரியே இருக்கு" என்றாள். அவளுடைய பாட்டி, அதாவது என் அம்மா, பத்தாங் பெர்ஜுந்தையில் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது செந்தூலுக்கு வந்து, அதன்பிறகு கை ஓயும் வரை பங்சாரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வீட்டு வேலை செய்தார். அந்தக் கட்டுரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கிளாடியா எங்கிருந்து வந்தார் என்று சொல்ல வேண்டும்.

1915 பிப்ரவரி 21இல் டிரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தார். குடும்பப் பெயர் கம்பர்பேட்ச். ஜோன்ஸ் என்பது பின்னாளில் பாதுகாப்புக்காக அவரே வைத்துக்கொண்ட பெயர். டிரினிடாட் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுபோன தீவு அது. பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறிய வட இந்தியர்கள் என்றாலும் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. நம்மை ரப்பர் ஆட்டிவைத்ததுபோல் அந்தத் தீவைச் சர்க்கரையும் கொக்கோவும் ஆட்டிவைத்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு கொக்கோ விலை விழுந்ததில் கிளாடியாவின் குடும்பம் நொடித்துப்போனது. பெற்றோர் 1922இல் நியூயார்க்குக்குப் போனார்கள். 1924 பிப்ரவரியில், ஒன்பது வயது நிறையும் சமயத்தில், கிளாடியாவும் அக்கா தங்கைகளும் சித்தியோடு கப்பலேறி நியூயார்க்கின் கறுப்பினப் பேட்டையான ஹார்லெம் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே பிழைப்பு சுலபமாக இல்லை. தாய் தையல் ஆலைத் தொழிலாளி. ஊர் மாறி நாலைந்து வருடத்துக்குள், நாற்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். தகப்பனார் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல், துப்புரவு என்று கிடைத்த வேலையைப் பார்த்து நான்கு பெண் பிள்ளைகளை வளர்த்தார். ஈரம் ஊறிய வீடு, பக்கத்தில் திறந்த சாக்கடை. 17 வயதில் கிளாடியாவுக்குக் காசநோய் வந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் பட்டமளிப்புக்குப் போட நல்ல உடுப்பு வாங்க வீட்டில் காசில்லாததால் அந்த விழாவுக்கே போகவில்லை. சலவைக்கடை, தொழிற்சாலை, தொப்பிக் கடை என்று வேலைகள் மாறின. மேல்படிப்பு அவருக்கு எட்டவில்லை.

1931இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது பாலியல் பலாத்காரப் பொய் வழக்கு போட்டு, அவர்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று பேர். அந்தப் பையன்களைக் காப்பாற்ற முன்னால் நின்று போராடியவர்கள் கம்யூனிஸ்டுகள். அதைப் பார்த்துத்தான் கிளாடியா 1936இல் இளம் கம்யூனிஸ்ட் கழகத்தில் சேர்ந்தார். மறு வருடமே கட்சி நாளிதழான 'டெய்லி வொர்க்கர்' ஆசிரியர் குழுவில் வேலை. அப்புறம் இளைஞர் இதழ்களின் ஆசிரியர், 1945இல் டெய்லி வொர்க்கரில் கறுப்பின மக்கள் விவகாரங்களுக்கான ஆசிரியர், 1948இல் கட்சியின் தேசியக் குழு உறுப்பினர். கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு பெண் பத்திரிகை அலுவலகத்திலேயே எழுதக் கற்று, எழுதிக்கொண்டே தலைவரானார்.

இப்போது அந்த 1949 கட்டுரை. கறுப்பினப் பெண்களின் பிரச்சினைகளைப் புறக்கணிப்பதை இனியாவது நிறுத்துங்கள் என்று தலைப்பிலேயே அதட்டுகிறார். அதட்டல் எதிரிகளைப் பார்த்து அல்ல, சொந்தக் கட்சிக்காரர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் பார்த்து. கறுப்பினப் பெண், தொழிலாளி என்பதால் சுரண்டப்படுகிறாள், கறுப்பி என்பதால் சுரண்டப்படுகிறாள், பெண் என்பதாலும் சுரண்டப்படுகிறாள். மூன்றும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஆகவே முதலில் வர்க்கப் பிரச்சினை தீரட்டும், பெண் பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம் என்று யாரும் தள்ளிப்போட முடியாது. இன்று பல்கலைக்கழகங்களில் தனிப் பாடமாக நடத்தும் விஷயத்தைக் கிளாடியா எழுபது வருடத்துக்கு முன்பே ஒரு கட்சிப் பத்திரிகையில் எழுதி வைத்துவிட்டார்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இந்தத் தத்துவம் அல்ல. வீட்டு வேலைக்காரிகளைப் பற்றி அவர் எழுதிய பகுதி. கறுப்பினப் பெண்களில் பெரும் பகுதியினர் வேறு வேலைக் கதவுகள் மூடப்பட்டதால் அடுத்தவர் வீட்டில் சமைக்கவும் துடைக்கவும் போகிறார்கள், ஆனால் தொழிலாளர் சட்டங்களும் சமூகக் காப்புறுதியும் அவர்களைத் தொழிலாளியாகவே கணக்கில் எடுப்பதில்லை, தொழிற்சங்கங்களும் அவர்களைத் திரட்ட மெனக்கெடுவதில்லை என்கிறார். அதோடு விடவில்லை. சமத்துவம் பேசுகிற முற்போக்காளர் வீடுகளிலும் எசமானி, வேலைக்காரி என்ற உறவு இருப்பதைச் சுட்டிக் காட்டுகிறார். ரோசா லீ இங்கிராம் என்ற ஜார்ஜியா மாநிலத்து விவசாயக் கூலிப் பெண்ணைப் பற்றியும் அதில் பேசுகிறார். 14 பிள்ளைகளைப் பெற்ற விதவை. தன்னைத் தாக்கிய வெள்ளையர் இறந்துபோனதற்காக அவருக்கும் அவருடைய இரண்டு மகன்களுக்கும் தண்டனை கொடுத்தார்கள். அந்த அம்மாவை விடுவிக்க நடந்த இயக்கத்தில் கிளாடியாவும் இருந்தார்.

என் அம்மாவுக்கு ஒரு வீட்டில் குளியலறையைத் தேய்க்கும்போது வழுக்கி இடுப்பில் அடி. படுத்த வாரங்களுக்குச் சம்பளம் இல்லை. எழுந்து போனபோது அந்த வீட்டில் வேறு ஆள் வைத்திருந்தார்கள். "சொக்சோ இல்லையாம்மா?" என்று தொழிலாளர் சமூகக் காப்புறுதியைப் பற்றி நான் கேட்டதற்கு அம்மா, "அதெல்லாம் பேக்டரிக்காரங்களுக்குடி, எனக்கு யாரு கொடுப்பா" என்றார். அம்மா சொன்னது சரிதான். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வீட்டு வேலையாட்களை ஒரு தனி இனமாக ஒதுக்கி வைத்தது. ஓய்வு நாள், வேலை நேரம், பொது விடுமுறை, பிரசவ உதவி, இவை எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது என்று அட்டவணையிலேயே எழுதியிருந்தது. சொக்சோ பாதுகாப்பு அவர்களுக்கு வந்தது 2021 ஜூன் மாதம்தான். குறைந்தபட்சச் சம்பள ஆணை 2012இல் வந்தபோதும் அவர்களை விட்டுவிட்டுத்தான் வந்தது. அம்மா வேலை பார்த்த வீடுகளில் இன்று இந்தோனேசியப் பெண்களும் பிலிப்பைன்ஸ் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலரின் பாஸ்போர்ட் யாருடைய அலமாரியில் இருக்கிறது என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். நம் சமூகத்து வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஹார்லெமில் எழுதிய ஒரு பெண்ணுக்கு பங்சார் பங்களாவின் பின்கட்டு எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் ஆச்சரியமே இல்லை. தோட்டத்து நிருபர்கள் எழுதியதைப் போலத் தன்னைச் சுற்றி இருந்த பெண்களைப் பார்த்து எழுதினார், அவ்வளவுதான். தன் தாய் தையல் ஆலையில் உழைத்துத் தேய்ந்ததைப் பார்த்தவர் அவர்.

அமெரிக்க அரசு சும்மா இருக்கவில்லை. 1948 தொடங்கி மாறி மாறிக் கைது. 1951இல் ஸ்மித் சட்டத்தின் கீழ் கைது செய்து, 1953இல் குற்றவாளி என்று தீர்த்து, ஓராண்டும் ஒரு நாளும் சிறை, 200 டாலர் அபராதம் என்று தண்டனை. அரசைக் கவிழ்க்கச் சதி என்பது குற்றச்சாட்டு. அவருக்கு எதிராகக் காட்டிய சான்று என்ன தெரியுமா? சமாதானத்துக்காகப் பெண்கள் திரள வேண்டும் என்று 1950 மகளிர் தினத்தை ஒட்டி அவர் பேசி, கட்டுரையாக வந்த எழுத்து. அந்தக் கட்டுரையை எழுதியது இவர்தான் என்று காட்டிய அரசுத் தரப்பு, அதில் ஒரு வரியைக்கூட நீதிமன்றத்தில் வாசிக்கவில்லை. தண்டனைக்கு முன் பேச வாய்ப்புக் கிடைத்தபோது கிளாடியா இதைத்தான் பிடித்துக்கொண்டார். கறுப்பினப் பெண்கள் சிந்திப்பார்கள், பேசுவார்கள், எழுதுவார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத் துணிவில்லாமல்தான் என் கட்டுரையை வாசிக்க மறுக்கிறீர்கள் என்று அரசு வழக்கறிஞர்களைப் பார்த்துச் சொன்னார். பிழைதிருத்தும் வேலையில் எத்தனையோ உரைகளை வரி வரியாகப் படித்தவள் நான். இப்படி ஒரு நீதிமன்ற உரையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

1955 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் பெண்கள் சிறைக்குப் போனார். உடம்பு மேலும் கெட்டது. அக்டோபரில் விடுதலை, டிசம்பரில் நாடு கடத்தல். ஒன்பது வயதுகூட நிறையாமல் வந்த நாட்டில் ஏறக்குறைய 32 வருடம் வாழ்ந்தவர், குடியுரிமை கேட்டும் கிடைக்காததால் அந்நியர் என்று ஆக்கப்பட்டார். பிறந்த ஊரான டிரினிடாட் அப்போது பிரிட்டிஷ் காலனி. அங்கே ஆளுநராக இருந்த சர் ஹியூபர்ட் ரான்ஸ் இவர் வந்தால் தொல்லை என்று கருதியதால் அந்தக் கதவும் அடைபட்டது. பிரிட்டிஷ் பிரஜை என்ற முறையில் கடைசியாக லண்டனுக்கு அனுப்பினார்கள். ஹார்லெமின் தெரேசா ஓட்டலில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடி அவரை வழியனுப்பினார்கள்.

இந்த இடத்தில் ஒரு மலேசியத் தமிழருக்கு ஆர்.எச்.நாதன் ஞாபகம் வராமல் இருக்க முடியாது. அவரும் பத்திரிகையாளர். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர். அந்தத் தொழிலாளர்கள் கேட்டவற்றைப் படித்தால் இன்றும் நெஞ்சு அடைக்கும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் துரைமாரும் கிராணிமாரும் (தோட்டத்து எழுத்தர்கள்) அத்துமீறுவது நிற்க வேண்டும், துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் போக அனுமதி. பெண்களின் மானத்தைச் சங்கக் கோரிக்கையாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பிரிட்டிஷ்காரர்களுக்கு இது கைவந்த கலை. பேசுகிற ஆளைக் கப்பலில் ஏற்றிவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தார்கள்.

எங்கள் குடும்பத்திலும் கப்பலேறியவர்கள் உண்டு. என் பெரியப்பாவிடம் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களைப் போல அவரும் பெரியம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினம் போனார். வாலிபம் முழுக்க இங்கே பால் எடுத்தவர். அங்கிருந்து வந்த நீலநிறக் கடிதங்களில் தஞ்சாவூர்ச் செய்தி குறைவு, பத்தாங் பெர்ஜுந்தை பற்றிய விசாரிப்புதான் அதிகம். கிளாடியாவின் நாடு கடத்தலை ஒரு பெரிய தலைவருக்கு நேர்ந்த துயரமாக மட்டும் என்னால் பார்க்க முடியாமல் போனது இதனால்தான்.

லண்டன் வந்த கிளாடியாவைப் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி பெரிதாக வரவேற்கவில்லை. சரி என்று அவர் குடியேறிகள் பக்கம் திரும்பினார். வாடகை அறைக் கதவுகளில் கறுப்பருக்கு இடமில்லை என்று அட்டை தொங்கிய காலம். கெசட்டின் முழுப் பெயரில் பிற்பாடு ஆப்பிரிக்க, ஆசியச் செய்திகளும் சேர்ந்துகொண்டன. இந்தியரான அபிமன்யு மன்சந்தா அவருடைய துணைவராகவும் பத்திரிகையில் தோள் கொடுத்தவராகவும் இருந்தார். பத்திரிகை பிறந்த ஐந்தாறு மாதத்தில், 1958 ஆகஸ்ட் கடைசியில், நாட்டிங்ஹாமிலும் லண்டன் நாட்டிங் ஹில்லிலும் இனக் கலவரம். வெள்ளை இளைஞர் கும்பல்கள் கரீபியன் மக்களை வீதியில் துரத்தி அடித்தன. மறு வருடம் மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து வந்த தச்சர் கெல்சோ காக்ரேன் நடுரோட்டில் குத்திக் கொல்லப்பட்டார். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. இறுதி ஊர்வலத்தில் 1,200 பேருக்கு மேல் நடந்தார்கள்.

கலவரத்துக்குப் பிறகு மக்கள் வாயில் நின்ற கசப்பை எப்படிக் கழுவுவது என்று கெசட் அலுவலகத்தில் பேசியிருக்கிறார்கள். டிரினிடாட்டில் வீதியில் ஆடிப்பாடும் கார்னிவல் திருவிழாவை நடத்தலாம் என்று ஒருவர் சொல்ல, குளிர்காலத்தில் கார்னிவலா என்று மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். கிளாடியா சிரிக்கவில்லை. வீதியில் முடியாவிட்டால் மண்டபத்தில் நடத்துவோம் என்றார். 1959 ஜனவரி 30இல் செயிண்ட் பாங்க்ரஸ் டவுன் ஹாலில் டிரினிடாட் கார்னிவல் நடந்தது. ஸ்டீல் பேண்ட், கலிப்சோ பாட்டு, ஆட்டம், அழகி தேர்வு எல்லாம் உண்டு. பிபிசி படம் பிடித்து ஒளிபரப்பியது. விழா மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் சம்பவங்களில் மாட்டிய கறுப்பின, வெள்ளையின இளைஞர்களின் அபராதத்தைக் கட்டப் போனது. மக்களின் கலையில்தான் அவர்களின் விடுதலை பிறக்கிறது என்று அந்த மலரில் கிளாடியா எழுதினார். அவர் இருந்தவரை வருடா வருடம் நடந்தது. இன்று நாட்டிங் ஹில்லில் வீதி நிரம்ப நடக்கும் திருவிழா 1966இல் ரோன் லாஸ்லெட் என்ற பெண்மணி தொடங்கிய தெரு விழாவிலிருந்து வளர்ந்தது. ஆனால் லண்டனில் கார்னிவலுக்கு முதல் விதை போட்ட பெருமை கிளாடியாவுக்கே என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

அழகிப் போட்டி எதற்கு என்று என் மகள் முகம் சுளித்தாள். எனக்கு அதில் சங்கடம் இல்லை. கறுப்புத் தோல் அழகு என்று சொல்ல ஒரு மேடைகூட இல்லாத ஊரில் அந்தப் பெண்களை மேடையேற்றிக் கிரீடம் வைப்பது சின்ன விஷயம் அல்ல. நம் கல்யாணத் தரகர்கள் 'சிவப்பான பெண்' கேட்கும் பட்டியலை வாராவாரம் பக்கத்தில் கட்டியவள் சொல்கிறேன்.

பத்திரிகை நடத்துகிறவர் விழாவும் நடத்த வேண்டும் என்பதைக் கோ.சாரங்கபாணி இந்தப் பக்கத்தில் முன்பே காட்டிவிட்டார். சிங்கப்பூரில் 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கியவர். 1952இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் என்று ஒன்றை ஆரம்பித்தார். சாதிக்கும் மதத்துக்கும் அப்பால் தமிழர் எல்லோரும் ஒரு மேடையில் கூட வேண்டும் என்பது நோக்கம். சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு என்று மலாயா முழுக்கப் பரவியது. பேச்சுப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று அந்த மேடைகளில் ஏறிய பிள்ளைகள்தான் பிற்பாடு எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் ஆனார்கள். கிளாடியாவும் சாரங்கபாணியும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததாக நான் சொல்ல வரவில்லை. பிழைக்கப் போன இடத்தில் சிதறிக் கிடக்கும் ஜனத்துக்குப் பத்திரிகை படிக்கக் கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் பக்கத்தில் நிற்க ஓர் இடமும் கொடுக்க வேண்டும் என்று இரண்டு ஆசிரியர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டுகொண்டார்கள். எங்கள் வார இதழ் வாசகர் விழா எடுத்த வருடங்களில்தான் சந்தா ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளாடியாவிடம் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் ஒன்று உண்டு. 1956இல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் நுழைந்தபோது பிரிட்டனில் பலர் கட்சியை விட்டு வெளியேறினார்கள். அவர் வெளியேறவில்லை. பிற்காலத்தில் மாஸ்கோ போனார், சீனா போய் மாவோவைப் பார்த்தார், இரண்டையும் போற்றி எழுதினார். என் தாத்தா, மலாயாவில் பிரிட்டிஷ்காரர்களும் கம்யூனிஸ்டுகளும் மோதிய அவசரகாலத்தில் தோட்டத்தில் இருந்தவர். பகலில் ராணுவம் வரும், இரவில் காட்டுக்காரர்கள் வருவார்கள். யாருக்கு அரிசி கொடுத்தாலும் மற்றவரிடம் அடி. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியைப் பிரிட்டிஷ்காரர்கள் 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டதையும் தாத்தா மறக்கவில்லை, கம்யூனிஸ்டுகள் தோட்டத்துத் தமிழர்களைச் சுட்டதையும் மறக்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு எந்த அரசையும் கண்ணை மூடிக்கொண்டு போற்ற வராது. ஆனால் அமெரிக்காவில் ஸ்காட்ஸ்பரோ பையன்களுக்காக யார் வந்து நின்றார்கள் என்பதைப் பதினாறு வயதில் பார்த்த பெண்ணின் நன்றியும் எனக்குப் புரிகிறது.

கடைசி வருடங்களில் அவர் ஓய்வே எடுக்கவில்லை. காலனி நாட்டவர் வருவதைக் கட்டுப்படுத்தும் 1962ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தை எதிர்த்துப் பிரச்சாரம், வாஷிங்டன் பேரணிக்கு ஆதரவாக 1963 ஆகஸ்டில் லண்டன் அமெரிக்கத் தூதரகத்துக்கு ஊர்வலம், நெல்சன் மண்டேலாவின் விடுதலைக்காகப் போராட்டம், 1964இல் ஜப்பானில் அணுகுண்டு எதிர்ப்பு மாநாடு. அந்த வருடம் டிசம்பர் 24ஆம் தேதி இரவு, தன் வீட்டில் தனியாக இருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 49. ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் கார்ல் மார்க்ஸின் சமாதிக்கு இடப்பக்கம் அடக்கம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் இறுதிச் சடங்குக்கு இரங்கல் செய்தி அனுப்பியிருந்தார். அங்கே பெயர் பொறித்த கல் வந்தது 1984இல். பிரிட்டிஷ் தபால் துறை 2008இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 2023இல் அவர் வாழ்ந்த வீடு ஒன்றில் நீலப் பலகை பதித்தார்கள்.

கெசட் அவர் போனபின் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, சில இதழ்களோடு நின்றது. ஆனாலும் கிளாடியாவைப் பற்றி இன்று இவ்வளவு தெரிகிறதென்றால், கூட இருந்தவர்கள் கடிதம், துண்டுப் பிரசுரம், பழைய இதழ் என்று எதையும் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான் காரணம். அவருடைய ஆவணங்களில் ஒரு தொகுப்பு நியூயார்க் ஹார்லெமில் உள்ள ஷோம்பர்க் மையத்தில், அவர் வளர்ந்த பேட்டையிலேயே இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்க்கலாம்.

நான் வேலை செய்த வார இதழ் நின்று பல வருடம் ஆகிறது. அலுவலகத்தைக் காலி செய்தபோது பழைய இதழ்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் இருப்பவை முழுத் தொகுப்பாகாது, அவற்றிலும் சிலதைக் கரையான் தின்றுவிட்டது. பந்திங் ஆசிரியரும் கோலசிலாங்கூர் கோயில் செயலாளரும் எழுதியதெல்லாம் அச்சில் வந்ததற்குச் சாட்சி இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தா பாட்டியின் தகரப் பெட்டியிலோ, மூடிய தோட்டத்துப் படிப்பகத்திலோ பழைய தமிழ் வார, மாத இதழ்கள் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள், அப்புறம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சிலாங்கூருக்குள் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். மகள் ஸ்கேன் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அசல் வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.